வாட்டு றவுண்ட்ஸ்: கட்டிலடியில் நடப்பது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து அரச வைத்தியசாலைகளில் நோயாளிக்குத் துணையாக நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளும், புதிதாக வாட்டுக்கு வரும் மருத்துவ மாணவர்களும் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களும் கேட்கும் கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன. வேண்டுமென்றுதான் பிரிக்கவில்லை. வைத்தியர் கட்டிலடியில் எதைத் தேடுகிறார் என்று தெரிந்த உறவினர் தேவையான தகவலைத் தேவையான நேரத்தில் சொல்லுவார். உறவினருக்கு எது விளங்காமல் இருக்கிறது என்று தெரிந்த வைத்தியர் அதை முதலிலேயே விளக்கிவிடுவார். இங்கே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியரே சொல்ல வேண்டும்.

வைத்தியர்கள் கட்டில் கட்டிலாகப் பார்த்துவரும் றவுண்ட்ஸில் என்ன தீர்மானிக்கிறார்கள்?

நேற்றையிலும் பார்க்க இன்றைக்கு நோயாளி தேறியிருக்கிறாரா, இறங்கியிருக்கிறாரா? இன்ன வருத்தம் என்று நினைத்தது இன்னும் பொருந்துகிறதா? இன்றைக்கு என்ன செய்வது? அதை யார், எத்தனை மணிக்குள் செய்வது? இந்த நான்குக்கும் விடை கிடைக்காமல் அடுத்த கட்டிலுக்கு நகரக்கூடாது.

நழுவிப்போவது பெரும்பாலும் கடைசிக் கேள்விதான். "வயிற்று ஸ்கான் ஒண்டு எடுப்பம்" என்று சொல்ல எல்லோரும் தலையாட்டுவார்கள். கோரிக்கைப் பத்திரத்தை யார் எழுதுவது என்று ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே வசனம் திரும்பவும் வரும். நோயாளிக்கு ஒரு நாள் வீண். கட்டிலை விட்டு நகரமுதல் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலையை ஒப்படைப்பது மரியாதைக் குறைவல்ல. அப்படிச் செய்யும் வாட்டில்தான் வேலை ஓடுகிறது.

காலையில் ஒரு டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். பிறகு பெரிய டொக்டர் வந்து அதையே கேட்கிறார். ஏன் இரண்டு தரம்?

முதலில் வருபவர் எச்.ஓ. என்று அழைக்கப்படும் உள்ளகப் பயிற்சி வைத்தியர். அவருடைய சுற்று காலை 6 மணியளவில் தொடங்கும். இரவுக் கடமையில் நின்ற மிஸியிடம் (தாதியிடம்) இரவு நடந்ததைக் கேட்பார், ஒவ்வொருவரையும் பார்ப்பார், இரத்தம் எடுப்பார், முதல்நாள் அனுப்பிய பரிசோதனைகளின் முடிவுகளைத் தேடி எடுத்து ஒட்டுவார். 8 மணியளவில் வைத்திய நிபுணர் வரும்போது தகவல் எல்லாம் கையில் இருக்க வேண்டும். முதல் சுற்று தகவல் திரட்ட, இரண்டாவது தீர்மானம் எடுக்க. முதலாவது ஓட்டமாக நடந்தால் இரண்டாவதில் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் வரும்.

எச்.ஓ. கட்டிலடியில் கேட்க வேண்டியவை எளிமையானவை. "இரவு நித்திரை கொண்டனீங்களோ அம்மா? சலம் போகுதோ? எத்தனை தரம்? சாப்பிட்டது தங்கினதோ, சத்தி எடுத்தனீங்களோ? எங்கையாவது நோகுதோ?" இந்தக் கேள்விகளுக்கு உண்மையான விடை வர அரை நிமிடம் பொறுக்க வேண்டும். "ஓம், பரவாயில்லை" என்பது எங்கள் ஊரில் வைத்தியருக்குச் சொல்லும் மரியாதைச் சொல். அதை நம்பி அடுத்த கட்டிலுக்குப் போகக்கூடாது.

இரத்தம் எடுப்பதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. சேலைன் ஏறிக்கொண்டிருக்கும் கையில், கனியூலாவுக்கு (நாளத்தில் பொருத்திய சிறு குழாய்க்கு) மேலாக ஊசி குத்தி எடுத்தால் இரத்தம் சேலைனோடு கலந்துவரும். ஈமோகுளோபினும் பி.சி.வி.யும் (இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் வீதம்) உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். டெங்கு நோயாளியில் இந்த ஒரு பிழை சிகிச்சையையே திசை திருப்பிவிடும். மற்றக் கையில் எடுங்கள்.

இத்தனை பேர் சுற்றி நிற்கிறார்களே, இவர்கள் எல்லாம் யார்? யாரிடம் என்ன கேட்பது?

நடுவில் நிற்பவர் வைத்திய நிபுணர். அவருக்கு அடுத்து சிரேஷ்ட பதிவாளர் அல்லது பதிவாளர், அதாவது நிபுணராவதற்குப் பயிற்சி பெறுபவர். பிறகு எஸ்.எச்.ஓ. எனப்படும் சிரேஷ்ட இல்ல வைத்திய அதிகாரி, எச்.ஓ., பொறுப்புத் தாதி, போதனா வைத்தியசாலையானால் மாணவர்கள். அந்தந்த நாளின் சின்னச் சின்ன விபரங்கள் எச்.ஓ.வுக்குத்தான் நன்றாகத் தெரியும். இன்றைக்கு ஸ்கான் உண்டா, இரத்த முடிவு வந்ததா என்பவற்றை அவரிடம் கேளுங்கள். சத்திரசிகிச்சை தேவையா, வருத்தம் எவ்வளவு பாரதூரமானது, இனி எப்படிப் போகும் என்பவற்றை நிபுணரிடமோ பதிவாளரிடமோ கேளுங்கள். சாப்பாடு, மருந்து கொடுத்த நேரம், உடுப்பு, படுக்கை இவற்றுக்கு மிஸி.

எங்கள் கட்டிலைத் தாண்டிப் போய் அப்பால் இருப்பவரை முதலில் பார்க்கிறார்களே?

கட்டில் இலக்கப்படி போவது வசதியான வழி. சரியான வழி, மிகவும் இயலாமல் இருப்பவரிடம் முதலில் போவது. அவர் மறுகோடியில் இருந்தால் அங்கேதான் தொடங்க வேண்டும். அடுத்தது இரவு அனுமதிக்கப்பட்ட புதியவர்கள். பிறகு, இன்று வீட்டுக்குப் போகக்கூடியவர்கள். அவர்களை முன்னுக்குப் பார்த்தால்தான் மத்தியானத்துக்குள் துண்டு வெட்டி அந்தக் கட்டிலைப் புதிதாக வருபவருக்குக் கொடுக்கலாம். வாட்டு கசுவலிற்றி நாளில், அதாவது வரும் நோயாளர் எல்லோரையும் அந்த வாட்டே ஏற்கும் முறைநாளில், இது மிகவும் முக்கியம். இல்லாவிட்டால் பின்னேரம் நிலத்தில் பாய் போட வேண்டிவரும். தேறிக்கொண்டிருப்பவர்களைக் கடைசியில் பார்ப்பது வழமை. உங்களைத் தாண்டிப் போனால் பெரும்பாலும் அது நல்ல செய்தி.

கட்டிலடியில் நோயாளியை எப்படி எடுத்துச் சொல்வது? நான் தொடங்கியதும் நிபுணர் இடைமறிக்கிறார்.

இடைமறிக்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது இன்னும் வரவில்லை என்று அர்த்தம். முதல் வசனத்திலேயே ஆள் யார், ஏன் வந்தார், இன்றைக்கு எத்தனையாவது நாள் என்பது வர வேண்டும். ஒரு கற்பனை உதாரணம் (பிளேற்லெற் என்பது இரத்தம் உறைய உதவும் துணிக்கைகளின் எண்ணிக்கை; கசிவுக் கட்டம் என்ன என்பது பின்னால் வரும்):

"14ஆம் கட்டில். 32 வயது, குருநகர், கடற்றொழில். காய்ச்சல் தொடங்கி இன்று ஐந்தாம் நாள், வாட்டில் இரண்டாம் நாள். டெங்கு. நேற்றுப் பின்னேரம் பிளேற்லெற் ஒரு இலட்சத்து முப்பதினாயிரம், இன்று காலை எண்பத்தெட்டாயிரம். பி.சி.வி. 41இல் இருந்து 46. விடியப்புறம் இரண்டு தரம் சத்தி, வலது விலாவுக்குக் கீழே நோ. நாடித்துடிப்பு 104, பிறஷர் 100க்கு 78, கை கால் சூடாக இருக்கிறது. கடைசி 4 மணித்தியாலத்தில் சலம் 110 மி.லீ., நிறை 58 கிலோ. கசிவுக் கட்டம் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவதானித்து, திரவக் கணக்குத் தொடங்க யோசனை."

நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். இதில் பிளேற்லெற், பி.சி.வி. இலக்கங்கள் சோடியாக வந்திருப்பதைக் கவனியுங்கள்: நேற்று இவ்வளவு, இன்று இவ்வளவு. தனி இலக்கம் எதையும் சொல்லாது. கடைசியில் சொல்பவரின் சொந்த அபிப்பிராயமும் யோசனையும் வந்திருக்கின்றன. பிழையாக இருந்தாலும் சொல்லுங்கள். திருத்தப்படும் அபிப்பிராயத்தில் இருந்துதான் படிப்பு வரும்.

தொழிலைச் சொல்லாமல் விடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் குறை. 2024 டிசெம்பரில் யாழ். மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவியபோது, "வயலுக்குள்ள இறங்கினனீங்களோ? வெள்ளத்துக்குள்ள நடந்தனீங்களோ? காலில புண் இருக்கோ?" என்ற கேள்விகள்தான் டெங்கையும் எலிக்காய்ச்சலையும் பிரித்துப் பார்க்க வழிகாட்டின. தோட்டத்தில் வேலை செய்பவர், பற்றைக்குள் விறகு எடுப்பவர் என்றால் உண்ணிக்காய்ச்சலின் கறுத்த பொருக்குப் புண்ணை அக்குளிலும் தொடை இடுக்கிலும் தேட வேண்டும். உடுப்பை விலக்கிப் பாராதவருக்கு அது கிடைக்காது. மறைப்புத் திரையை இழுத்துவிட்டுப் பாருங்கள்.

கட்டிலில் தொங்கும் அட்டவணைகளில் எதைப் பார்க்கிறார்கள்?

வெப்பநிலை, நாடி, மூச்சு, குருதியமுக்கம், ஒட்சிசன் அளவு, இன்சுலின் போடுபவரானால் சீனி அளவு, உள்ளே போன திரவம், வெளியே வந்த சலம். இவற்றில் மூச்சு வீதம்தான் பெரும்பாலும் பொய்யாக எழுதப்படுவது. வாட்டில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று எழுதியிருந்தால் ஒருவரும் எண்ணவில்லை என்று விளங்கிக்கொள்ளலாம். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினால், நோயாளி இறங்கத் தொடங்குவதை மற்ற எல்லாவற்றுக்கும் முன் அது காட்டிக்கொடுக்கும்.

சலக் கணக்கில் உறவினரின் உதவி மிகவும் தேவை. வளர்ந்த ஒருவருக்கு ஒரு கிலோ நிறைக்கு மணித்தியாலத்துக்கு ஆகக்குறைந்தது 0.5 மி.லீ. சலம் போக வேண்டும். 50 கிலோ ஆளானால் 4 மணித்தியாலத்தில் 100 மி.லீ. வாட்டு அழுக்காக இருக்கக்கூடாது என்று அக்கறையோடு போத்தலையும் சலப்பையையும் வெறுமையாக்கி விடுகிறார்கள். கணக்கும் அதோடு ஊற்றுப்பட்டுப் போகிறது. ஊற்றமுதல் மிஸியைக் கூப்பிட்டு அளவைக் காட்டுங்கள். குடித்ததையும் அப்படியே எழுதி வையுங்கள். தேத்தண்ணி, கஞ்சி, இளநீர், ஜீவனி எல்லாமே சேரும். வீட்டிலிருந்து கொண்டுவந்த கோப்பை எத்தனை மி.லீ. பிடிக்கும் என்று முதல் நாளே அளந்துவிட்டால் பிறகு கரைச்சல் இல்லை.

டெங்கு என்றால் ஏன் மணித்தியாலத்துக்கு ஒருமுறை வருகிறார்கள்? காய்ச்சல்தான் விட்டுவிட்டதே?

காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். வடகீழ்ப் பருவமழை தொடங்கி தை மாதம் வரை எங்கள் வாட்டுகள் டெங்கால் நிரம்பும். அந்த மாதங்களில் உறவினருக்கு ஆக விளக்க வேண்டியது இதைத்தான்.

டெங்கு மூன்று கட்டமாகப் போகும். முதலில் காய்ச்சல் கட்டம். பிறகு சிலருக்குக் குருதிக் குழாய்களில் இருந்து நீர் கசியும் கட்டம். அது கூடினால் 48 மணித்தியாலம் நீடிக்கும். பிறகு தேறும் கட்டம். பிளேற்லெற் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கினால் கசிவு தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று எடுக்கிறோம். உறவினர் எல்லோரும் கேட்பது "கவுண்ட் எவ்வளவு டொக்டர்?" என்றுதான். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கசிவு. அதைக் கவுண்ட் நேராகக் காட்டாது. நாங்கள் வேறு மூன்றைப் பார்க்கிறோம். முதலாவது, பி.சி.வி. அடிப்படை அளவிலிருந்து 20 வீதம் கூடுவது. 40 இருந்தவருக்கு 48 என்றால் இரத்தம் தடித்துவிட்டது, நீர் வெளியே போய்விட்டது. இரண்டாவது, மேல் பிறஷருக்கும் கீழ்ப் பிறஷருக்கும் உள்ள இடைவெளி. 100க்கு 80 என்றால் இடைவெளி 20. மேல் இலக்கம் நல்லாகத்தான் இருக்கிறது என்று ஏமாறக்கூடாது, ஆள் அதிர்ச்சி நிலைக்கு, அதாவது உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் நிலைக்கு, போய்க்கொண்டிருக்கிறார். மூன்றாவது, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப எடுக்கும் நேரம். 2 செக்கனுக்கு மேல் போனால் கவனம்.

திரவத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 50 கிலோவும் அதற்கு மேலும் உள்ள வளர்ந்தவருக்கு, கசிவுக் கட்டத்தின் 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து 4600 மி.லீ. வாயால் குடிப்பதும் நாளத்தால் ஏற்றுவதும் இதற்குள்ளேயே அடக்கம். அதை 48 ஆல் பிரித்து ஒரே சீராகக் கொடுப்பதில்லை. கசிவு மெல்லத் தொடங்கி, உச்சத்துக்குப் போய், பிறகு குறையும். மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்ப்பது அதற்கு ஈடாகக் கூட்டவும் குறைக்கவும்தான். நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, "உடம்பு காயுது, பாவம்" என்று தெரியாமல் இரண்டு இளநீர் கொடுத்தால் கணக்கு உடைந்துவிடும். குறைவாகக் கொடுத்தால் அதிர்ச்சி. கூடக் கொடுத்தால், கசிந்த நீர் மூன்றாம் கட்டத்தில் திரும்ப வந்து சேரும்போது நெஞ்சில் நீர் கட்டி மூச்சு முட்டும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்த இரண்டு பக்கப் பிழைகளுக்கும் நடுவில்தான் நடக்கிறோம்.

பரசிற்றமோல் தவிர வேறு நோமருந்து வேண்டாம். இபுபுறோபன், டைக்குளோபினக், அஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும். பீற்றூட் போன்ற சிவப்பு, மண்ணிறச் சாப்பாடுகளையும் விடுங்கள். சத்தி எடுக்கும்போது அது இரத்தமா சாப்பாடா என்று தெரியாமல் போகும். பப்பாசி இலைச்சாறு கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், ஏசமாட்டோம். சத்தியும் வயிற்றுநோவும் வருத்தத்தாலா சாற்றாலா என்று அறிய அது உதவும்.

மருந்து அட்டையில் நாளுக்கு நாள் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஒவ்வாமை எழுதப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு வேறு பெயரில் அதே குடும்ப மருந்து எழுதப்படுவது நடக்கிற விடயம். அடுத்து, அன்ரிபயோற்றிக் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்று எத்தனையாவது நாள் என்று எழுத வேண்டும். 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) முடிவு வரும்போது நிறுத்துவதா, மாற்றுவதா, நாளத்திலிருந்து வாய்க்கு மாற்றுவதா என்று தீர்மானிக்க வேண்டும். நாள் எழுதாத மருந்து நிறுத்துவார் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்சுலினில் இரண்டு பொறிகள். யூனிற் என்பதற்கு ஆங்கில எழுத்து ஒன்றை மாத்திரம் எழுதினால், அவசரக் கையெழுத்தில் அது சைபர் போலத் தெரியும். 10 யூனிற் 100 ஆகிவிடும். சொல்லை முழுதாக எழுதுங்கள். அதேபோல் அரை மி.கி. என்பதைப் புள்ளியோடு தொடங்காமல் 0.5 என்றே எழுதுங்கள். இரண்டாவது பொறி பட்டினி. ஸ்கானுக்காக "ஒன்றும் குடுக்கவேண்டாம்" என்று சொல்லப்பட்டவருக்கு, அந்தச் செய்தி போய்ச் சேராமல் காலை இன்சுலின் போடப்பட்டால் 11 மணிக்கு வியர்த்து விறுவிறுத்து மயங்குவார். சீனி 70க்குக் கீழே போயிருக்கும். பட்டினி என்று எழுதும் கையே இன்சுலினை என்ன செய்வது என்றும் எழுத வேண்டும்.

கனியூலா, சலக்குழாய் இவற்றை ஏன் தினமும் பார்க்கிறார்கள்?

தேவையில்லாமல் உள்ளே இருக்கும் குழாய் ஒவ்வொன்றும் கிருமி உள்ளே போக ஒரு வழி. கனியூலா குத்திய இடம் சிவந்து, நொந்து, நாளம் கயிறுபோல் தடித்தால் அன்றைக்கே கழற்ற வேண்டும். சலக்குழாய்க்கு ஒரே கேள்விதான்: இன்றைக்கும் இது தேவையா? காரணம் சொல்லத் தெரியாவிட்டால் எடுத்துவிடலாம். எழும்ப முடியாமல் படுத்திருப்பவரைப் புரட்டி முதுகையும் குதிக்காலையும் பாருங்கள். படுக்கைப்புண் தொடங்குவது நாங்கள் பாராத பக்கத்தில்.

கை கழுவாமல் அடுத்தவரைத் தொட்டால் உறவினர் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்ல வேண்டும். அற்ககோல் திரவமானால் 20 முதல் 30 செக்கன், சவர்க்காரமும் தண்ணீருமானால் 40 முதல் 60 செக்கன். கையில் அழுக்கோ இரத்தமோ பட்டிருந்தால் சவர்க்காரம்தான்.

பி.எச்.ரி.யில், அதாவது நோயாளியின் கட்டில்தலைக் குறிப்பேட்டில், என்ன எழுத வேண்டும்? யாரும் வாசிப்பதில்லையே.

இரவு 2 மணிக்கு, இந்த நோயாளியை ஒருநாளும் பாராத வைத்தியர் ஒருவர் வாசிப்பார். அவருக்காகத்தான் எழுதுவது. திகதி, நேரம், யாருடைய றவுண்ட்ஸ், நோயாளி சொன்னது, நீங்கள் கண்டது, உங்கள் கணிப்பு, திட்டம். கீழே பெயர் விளங்கும்படி எழுதிக் கையொப்பம். "அதையே தொடரவும்" என்று மூன்று நாள் தொடர்ந்து எழுதிய தாளில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவுதான் எழுத நேரம் இருந்தாலும், எதைத் தொடர்வது, எப்போது மாற்றுவது, எந்த அளவு தாண்டினால் கூப்பிடுவது என்பதை ஒரு வரியில் சேருங்கள். "சலம் 4 மணித்தியாலத்தில் 100 மி.லீ.க்குக் குறைந்தால் அறிவிக்கவும்" என்ற ஒரு வசனம், இரவு மிஸிக்கு ஒரு பக்கக் குறிப்பைவிடப் பெறுமதியானது.

ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கதைக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இது நியாயமான மனக்குறை. குறிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. வாட்டில் தென்பகுதியிலிருந்து வந்து வேலை செய்யும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். பலர் தமிழில் கேட்கப் பழகிவிட்டாலும் நுணுக்கமாக விளக்க இன்னொருவர் தேவைப்படுகிறது. வாட்டுகளுக்கு எங்கள் யோசனை இது: குழு ஆங்கிலத்தில் கதைத்து முடித்ததும், ஒருவர் கட்டிலருகே நின்று தமிழில் மூன்று வசனம் சொல்ல வேண்டும். வருத்தம் இது, இன்றைக்கு இதைச் செய்யப்போகிறோம், நீங்கள் இதைக் கவனியுங்கள். பிறகு, "நான் சொன்னதில என்ன விளங்கினது, ஒருக்காச் சொல்லுங்கோ ஐயா" என்று திருப்பிக் கேட்க வேண்டும். "விளங்கினதோ?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்லுவார்கள்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்ற சாட்டு யாழ்ப்பாணத்தில் எடுபடாது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார்.

மாணவர்கள் பரிசோதிப்பதை வேண்டாம் என்று சொல்லலாமா?

தாராளமாக. அதனால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. மாணவர்கள் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் தொட வேண்டும். ஒருவருடைய வீங்கிய ஈரலைப் பத்துப் பேர் வரிசையாக அழுத்துவது கூடாது. யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கிய காலம் முதல் இந்த நோயாளர்களின் பொறுமையில்தான் வைத்தியர்கள் உருவாகியிருக்கிறார்கள். சம்மதித்தால் நன்றி. ஒரு நன்மையும் உண்டு: அரை மணித்தியாலம் இருந்து கதைக்கும் மாணவரிடம், அவசரத்தில் சொல்ல மறந்த விடயம் சில வேளை வெளியே வரும்.

உறவினர் எதைத் தயார்பண்ணி வைக்க வேண்டும்?

கிளினிக் கொப்பி, முன்னைய நோய் நிர்ணய அட்டைகள், வீட்டில் பாவிக்கும் மருந்துகள் முழுவதும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, உறையோடு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "பிறஷருக்கு ஒரு சின்ன வெள்ளைக் குளிசை" என்ற விபரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சித்த, ஆயுர்வேத மருந்துகள், கடையில் வாங்கிய நோக்குளிசைகள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய விற்றமின் போத்தல்கள் எல்லாமே அதில் சேரும்.

கேள்விகளை ஒரு துண்டில் எழுதுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். குடும்பத்தில் ஒருவரே வைத்தியரோடு கதைக்கட்டும். காலையில் தம்பி, மத்தியானம் மாமா, இரவு கனடாவிலிருந்து அக்கா என்று ஆள் மாறி ஆள் கேட்டால், ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு கதை போய்ச் சேரும். றவுண்ட்ஸ் நடக்கும்போது உறவினரை வெளியே நிற்கச் சொல்வது பக்கத்துக் கட்டில்காரரின் அந்தரங்கத்துக்காகவும்தான். முடிந்ததும் எச்.ஓ.வைத் தேடி வாருங்கள்.

காலையில் சொன்ன பரிசோதனை பின்னேரம் வரை நடக்கவில்லையே?

றவுண்ட்ஸ் முடிந்ததும் எச்.ஓ. கையில் நீளமான ஒரு பட்டியல் இருக்கும். உயிருக்கு அவசரமானவை முதலில். பிறகு, இன்னொரு பிரிவின் நேரத்தில் தங்கியிருப்பவை: ஸ்கான், எக்ஸ்றே, வேறு நிபுணரின் அபிப்பிராயம். இவற்றின் கோரிக்கைகள் 10 மணிக்கு முன் போனால் அன்றைக்கே நடக்க இடமுண்டு. மத்தியானத்துக்குப் பிறகு போனால் நாளைக்குத்தான். நோயாளி பட்டினியாக இருந்து, ஸ்கான் நாளைக்கு என்று முடிவானால் உடனே சாப்பாடு கொடுக்க வேண்டும். இது மறக்கப்படுவது கவலைக்குரியது. உறவினர் தயங்காமல் கேளுங்கள்: "மிஸி, இனிச் சாப்பிடக் குடுக்கலாமோ?"

பின்னேரமும் இரவும் யார் பார்ப்பது? இரவில் ஏன் எழுப்பி இரத்தம் எடுக்கிறார்கள்?

பின்னேரம் ஒரு சுற்று, இரவு ஒரு சுற்று இருக்கும். பின்னேரச் சுற்றின் வேலை, காலையில் சொன்னவை நடந்தனவா என்று பார்ப்பதும், கவலைக்குரியவர்களை இரவுக் கடமைக்காரரிடம் ஒப்படைப்பதும். ஒப்படைப்பை வாயாலும் எழுத்தாலும் செய்ய வேண்டும்.

இரவில் இரத்தம் எடுப்பது மணிக்கணக்கில் கட்டுப்பட்ட நோய்களுக்கு. விரியன் பாம்புக்கடி ஒரு உதாரணம். சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மி.லீ. இரத்தம் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விசம் இரத்தத்தில் வேலை செய்கிறது. விசமுறி மருந்து கொடுத்து 6 மணித்தியாலத்தில் திரும்பவும் பார்ப்பார்கள். பிளாஸ்ரிக் குழாயோ, சவர்க்காரத்தில் கழுவிய குழாயோ பிழையான முடிவைத் தரும். கடி பின்னேரம் 5 மணிக்கென்றால் கணக்கு நள்ளிரவில்தான் வந்து விழும்.

ஞாயிறு, போயா நாட்களில்?

றவுண்ட்ஸ் உண்டு. ஆட்கள் குறைவு, விசேட பரிசோதனைகள் குறைவு. அவசரமானவை நிற்காது.

"இன்றைக்குத் துண்டு வெட்டலாம்" என்றால் எதைக் கேட்டுக்கொண்டு வெளிக்கிட வேண்டும்?

நிபுணர் காலை 9 மணிக்குச் சொன்னாலும், நோய் நிர்ணய அட்டை எழுதி, மருந்து எடுத்து முடிய மத்தியானம் தாண்டும். நெடுந்தீவுக்குப் போக வேண்டியவர்கள் அதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். குறிகட்டுவானில் பின்னேரப் படகைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தால் உங்கள் அட்டையை முதலில் எழுதலாம். டெங்கு போன்ற வருத்தத்தில், இரவில் இறங்கினால் திரும்பி வர வழி இருக்கிறதா என்பதையும் யோசித்துத்தான் துண்டு வெட்டுவோம். மருந்து இல்லாமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாமல், பசி திரும்பி, பிளேற்லெற் 50,000க்கு மேல் ஏறிக்கொண்டிருக்க வேண்டும்.

அட்டை கையில் கிடைத்ததும் அங்கேயே நின்று கேளுங்கள்: பழைய குளிசைகளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது? புதியதை எத்தனை நாளுக்கு? கிளினிக் என்றைக்கு, எந்த அறையில்? வராமல் இருக்கும் பரிசோதனை முடிவு ஏதும் உண்டா, அதை யார் எடுப்பது? எந்த அறிகுறி வந்தால் கிளினிக் நாள் வரை பொறுக்காமல் வர வேண்டும்? அட்டையைப் படம் எடுத்து வையுங்கள், மூலப்பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டுங்கள். வீட்டில் மூச்சு முட்டினாலோ, ஆள் மயங்கினாலோ, இரத்தமாகச் சத்தி எடுத்தாலோ 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். ஏறும்போது அந்த அட்டையும் கையில் இருக்கட்டும்.